நான்கு ரகத் தக்காளி, மூன்று வீடுகள்: முதல் பறிப்பு வரையிலான நாட்குறிப்பு

ஆகஸ்ட் 3

இன்று ஆடிப்பெருக்கு. கோவையில் எங்கள் மொட்டை மாடியிலும், எதிர்வீட்டு அக்காவின் முன்வாசல் மண்ணிலும், திருச்சியில் நாத்தனார் வீட்டு மாடியிலும் ஒரே பொட்டலங்களிலிருந்து பிரித்துக்கொண்ட விதைகளைப் போட்டிருக்கிறோம். பெரியகுளத்தில் உருவான பி.கே.எம் 1, டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் பூசா ரூபி, பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக், ரகப் பெயர் தெரியாத ஒரு செர்ரி தக்காளி ஆகிய நான்கும்தான் போட்டியில் இருப்பவை.

எது முந்திக் காய்க்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால், எதிலிருந்து நாளை எண்ணுவது என்பதைப் பேசி முடிக்க வேண்டியிருந்தது. அக்கா விதைத்த நாளிலிருந்து எண்ணுவார். நாத்தனார் நாற்றைப் பிடுங்கி நட்ட நாளிலிருந்து எண்ணுவார். இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 25 நாள் வித்தியாசம் இருப்பதால், ஒரே ரகத்தை ஒருவர் சீக்கிரம் என்றும் மற்றவர் தாமதம் என்றும் சொல்லிக்கொண்டிருப்பது எங்கள் குடும்பத்தில் வாடிக்கையாகிவிட்டது. பூசா ரூபிக்கு 60 முதல் 65 நாளில் முதல் பறிப்பு என்று சொல்லப்படுவதும் நட்ட பிறகான கணக்குதான். ஆகவே நடவு நாளையே தொடக்கமாக வைத்துக்கொள்வது என்றும், முழுதாக நிறம் ஏறிய முதல் பழத்தையே முதல் பறிப்பாகக் கொள்வது என்றும் மூவரும் ஒப்புக்கொண்டோம். அதோடு, பறித்ததையெல்லாம் சமையலறைத் தராசில் நிறுத்து எழுத வேண்டும் என்று நான் ஒரு நிபந்தனை சேர்த்தேன். ஒற்றைப் பழத்தைப் படம் எடுத்து அனுப்பிவிட்டு வெற்றி கொண்டாடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

ஆகஸ்ட் 12

எல்லாம் முளைத்துவிட்டன. ஆடிக்காற்றில் அம்மி நகர்ந்ததோ இல்லையோ, நாற்று வளரும் என் குழித்தட்டுகள் நகர்ந்தன. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் இந்தக் காற்று நாற்றின் ஈரத்தை நண்பகலுக்குள் உறிஞ்சிவிடுவதால், தட்டுகளைத் தண்ணீர்த் தொட்டியின் கிழக்குப் பக்க மறைவுக்கு மாற்றியிருக்கிறேன். அக்காவின் வீட்டில் சுற்றுச்சுவர் இருப்பதால் அவருக்கு இந்தத் தொல்லை இல்லை.

ஆகஸ்ட் 29

மூன்று வீடுகளிலும் இன்று நடவு முடிந்தது. செம்மண், மண்புழு உரம், ஊறவைத்துப் பிழிந்த தென்னை நார்க்கழிவு ஆகிய மூன்றையும் சம அளவில் கலந்து, பிடி வேப்பம்பிண்ணாக்கும் வேர்நோயைத் தடுக்கும் நன்மை தரும் பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடி சிறிதும் சேர்த்துப் பைகளை நிரப்பினேன். நாற்றின் தண்டை முதல் இலைக்கணு வரை மண்ணுக்குள் புதைத்து நட்டேன். தக்காளித் தண்டில் மண் படும் இடத்திலெல்லாம் வேர் விடும் என்பதால் கத்தரி, மிளகாய் நாற்றுகளுக்குச் செய்யாத இதை இதற்குச் செய்யலாம்.

இப்போதைக்கு அர்கா ரக்ஷக் நாற்றுகள்தான் திடமாக நிற்கின்றன. இது வீரிய ஒட்டு ரகம். இலைச்சுருள் நச்சுயிரி, பாக்டீரியா வாடல், முன்பருவ இலைக்கருகல் ஆகிய மூன்று நோய்களையும் தாங்கும்படி உருவாக்கப்பட்டது. கர்நாடகத்து வயல்களில் ஒரு செடி 19 கிலோ வரை காய்த்ததாகச் செய்திகள் வந்ததிலிருந்து இதன் விதைக்கு மாடித்தோட்டக்காரர்களிடையே பெரிய மோகம். வயலில் சொட்டு நீரும் முழு உரமும் பெற்று, வேருக்கு எல்லையில்லாமல் வளர்ந்த செடியின் கணக்கைப் பைக்குள் நிற்கும் செடியிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

செப்டம்பர் 14

வெள்ளை ஈ வந்துவிட்டது. அக்காவின் பூசா ரூபிச் செடிகளில் ஒன்றின் நுனி இலைகள் மேல்நோக்கிக் குவிந்து, நரம்புகளுக்கு இடையே மஞ்சள் பாய்ந்து, கணுக்கள் நெருங்கிக் குட்டையாகிவிட்டன. தொட்டுப் பார்த்தால் இலை தோல் போல் தடித்திருக்கிறது. இலைச்சுருள் நச்சுயிரிதான், சந்தேகமில்லை. இதற்கு மருந்து கிடையாது. பரப்பும் ஈயைத்தான் கட்டுப்படுத்த முடியும். "பூ விட்டிருக்குதே, எப்படிங்க புடுங்கறது?" என்று அக்கா தயங்கினாலும், மாலையில் அவரே பிடுங்கிப் பையில் கட்டி அப்புறப்படுத்தினார்.

நான் மஞ்சள் ஒட்டுப்பொறிகளைச் செடி நுனிக்குச் சற்று மேலே தொங்கவிட்டு, வேப்ப எண்ணெயைக் காதி சோப்புக் கரைசலில் கலந்து இலையின் அடிப்பக்கம் படும்படி மாலையில் தெளிக்கத் தொடங்கியிருக்கிறேன். ரக்ஷக் செடிகளிலும் ஈ உட்கார்ந்திருந்தது, ஆனால் இலை சுருளவில்லை. முந்திக் காய்க்கும் ரகம் எது என்ற பேச்சில், காய்க்கும் வரை உயிரோடு இருக்கும் ரகம் எது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

செப்டம்பர் 27

நான்கு ரகங்களும் பூத்துவிட்டன. செர்ரிதான் முதலில் பூத்தது. இந்த வாரம் முழுவதும் எங்கள் பேச்சு திருச்சியைப் பற்றியே. அங்கே பூக்கள் எங்களுடையவற்றோடு ஒரே சமயத்தில் விரிந்தும், காம்பில் உள்ள கணு மஞ்சளாகி, கை பட்டாலே உதிர்ந்துவிடுகின்றன. நாத்தனார் தண்ணீரைக் குறைத்துப் பார்த்தார், பஞ்சகவ்யா தெளித்துப் பார்த்தார். தக்காளிக்குப் பகல் வெயிலைவிட இரவு வெக்கைதான் பெரிய எதிரி. இரவு வெப்பம் 24 டிகிரிக்குக் கீழே இறங்காவிட்டால் மகரந்தம் சரியாக உருவாவதில்லை, பிஞ்சு பிடிப்பது வெகுவாகக் குறைகிறது. செப்டம்பர் திருச்சியில் விடியற்காலையிலும் மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கும். கோவையில் நாங்கள் அதை நிறுத்திவிட்டுப் போர்வையைத் தேடுகிறோம். "அண்ணி, உங்க ஊர் ராத்திரியை ஒரு மாசத்துக்குக் கடனாக் கொடுங்க" என்று அவர் தொலைபேசியில் சிரித்தார். அங்கே ஓரளவாவது பிஞ்சு பிடித்திருப்பது செர்ரி மட்டும்தான்.

இங்கே பூவைக் கூர்ந்து பார்த்தேன். மஞ்சள் மகரந்தப்பைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் குழல் போலக் கூம்பியிருக்கின்றன; மகரந்தம் உள்ளே இருக்கிறது, நுனித் துளை வழியாகத்தான் வெளிவர முடியும். அதற்கு அதிர்வு வேண்டும். சாதாரணத் தேனீ இந்த வேலையைச் செய்யாது. வயிற்றில் நீலப்பட்டை போட்ட தனித்தேனீ ஒன்று பூவைக் கவ்விக்கொண்டு ரீங்காரமிட்டு உலுக்குவதை எதிர்வீட்டு முற்றத்தில் பார்க்க முடிந்தது. அது மூன்றாவது மாடிக்கு வருவதில்லை. காற்று ஓய்ந்துவிட்ட இந்த நாள்களில், காலை ஒன்பது மணியளவில் பூங்கொத்தின் பின்பக்கத்தை விரலால் சுண்டிவிடுகிறேன். கறுப்புத் துணியைக் கீழே பிடித்துக்கொண்டு சுண்டினால் மாவு போல் மகரந்தம் படிவது தெரிகிறது.

அக்டோபர் 9

பிஞ்சுகள் எலுமிச்சை அளவை எட்டிவிட்டன. பி.கே.எம் 1 இடுப்பளவில் தானே வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும் குத்துச்செடி. இலைக்கும் தண்டுக்கும் இடையே துளிர்க்கும் அதன் பக்கச் சிம்புகளைக் கிள்ளினால் விளைச்சலைக் கிள்ளியதாகிவிடும். செர்ரி அப்படியில்லை, முட்டுக்குச்சியைத் தாண்டிக் கொடிக்கம்பியில் ஏறிவிட்டதால் அதற்கு மட்டும் வாரம் ஒருமுறை சிம்பு எடுக்கிறேன்.

அக்டோபர் 26

முதல் பறிப்பு செர்ரியில் கிடைத்தது. தராசில் வைத்தபோது முள் அசைந்தது என்று சொல்லலாம், அவ்வளவுதான். சிறிய பழம் முதிர்வதற்குக் குறைந்த நாள் போதும் என்பதால் பெரும்பாலான ஒப்பீடுகளில் செர்ரிதான் முந்தும். பெரிய பழங்களோடு அதைப் போட்டியிட வைப்பதே சரியில்லை என்று அக்கா சொன்னதை இன்று ஏற்றுக்கொண்டோம். இனிப்பு நன்றாக இருந்தது. பிள்ளைகள் மாடியிலேயே தின்று தீர்த்துவிட்டார்கள்.

திருச்சியிலும் அதே வாரத்தில் பறித்திருக்கிறார்கள். ஆனால் பழம் சிவக்காமல் ஆரஞ்சு நிறத்திலேயே நின்றுவிட்டது. பழுக்கும் சமயத்தில் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டிக்கொண்டிருந்தால் சிவப்புத் தரும் லைகோபீன் உருவாவது தடைப்பட்டு, மஞ்சள் நிறமி மட்டும் மேலோங்கும். செங்காயாக இருக்கும்போதே பறித்து வீட்டுக்குள் நிழலில் வைக்கும்படி சொல்லியிருக்கிறேன்.

நவம்பர் 5

பூசா ரூபியின் முதல் பழங்கள் சொன்ன நாளை ஒட்டியே பழுத்தன. எங்கள் மாடியைவிட அக்காவின் வீட்டில் தப்பித்த செடிகள் சில நாள் முந்திக்கொண்டன. தரை மண் பகலில் பையைப் போல் சூடேறுவதில்லை, ஈரமும் சீராக நிற்கிறது. ஆனால் வடகிழக்குப் பருவமழை தொடர்ந்து பெய்ததில் அதே பழங்கள் காம்பைச் சுற்றி வளையமாக வெடித்தன. வறண்டிருந்த வேர் திடீரென்று நீரை உறிஞ்சும்போது தோல் ஈடுகொடுக்க முடிவதில்லை. மெல்லிய தோல் உள்ள பூசா ரூபிதான் அதிகம் வெடித்தது. ரக்ஷக் ஒன்றுகூட வெடிக்கவில்லை. வெடித்ததையெல்லாம் அன்றே தொக்காக்கிவிட்டோம்.

மழையில் வரத்து குறைந்து கடைகளில் விலை ஏறத் தொடங்கியிருக்கிறது. 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டிய நினைவு எல்லோருக்கும் இருப்பதால், பத்து ரூபாய் கூடினாலே தெருவில் அதுதான் பேச்சு.

நவம்பர் 17

பி.கே.எம் 1, ரக்ஷக் இரண்டும் இப்போது முழு வேகத்தில் காய்க்கின்றன. முந்துவதில் இரண்டும் பின்தங்கியவைதான். ஆனால் தராசு வேறு கதை சொல்கிறது: எங்கள் மாடியில் இந்த ஒரு வாரத்தில் பி.கே.எம் தந்தது, செர்ரி தொடங்கியதிலிருந்து தந்த மொத்தத்தையும் மிஞ்சிவிட்டது. ரக்ஷக் பழங்கள் ஒவ்வொன்றும் 90 கிராமுக்குக் குறையவில்லை.

இன்று பூசா ரூபியையும் சேர்த்து மூன்றையும் தனித்தனியாக ரசம் வைத்துப் பார்த்தோம். பி.கே.எம் அன்னஞ்சி என்ற உள்ளூர் ரகத்திலிருந்து சடுதிமாற்றத்தால், அதாவது மரபணுவில் நேரும் திடீர் மாற்றத்தால், உருவாக்கப்பட்டது. தட்டையான உருண்டை, காயாக இருக்கும்போது தோளில் கரும்பச்சைப் பட்டை. குறுக்கே அறுத்தால் விதையைச் சுற்றிய கூழ் பச்சையும் சிவப்புமாகத் தளதளக்கிறது, கையால் பிசைந்தால் தோல் மட்டும்தான் மிஞ்சுகிறது. அதற்குப் புளியைப் பாதியாகக் குறைத்தும் ரசம் எடுப்பாக இருந்தது. ரக்ஷக்கின் சதை கெட்டி, சாறு குறைவு; குருமாவுக்கும் சட்னிக்கும் அதைவிட நல்லது இல்லை, ஆனால் ரசத்தில் அது கரையவே மறுத்தது. பூசா ரூபி இரண்டுக்கும் நடுவில். கடையில் நாட்டுத் தக்காளி, பெங்களூர்த் தக்காளி என்று இரண்டு கூடைகள் வைப்பதன் காரணம் எங்கள் அடுப்பிலேயே தெரிந்துவிட்டது.

டிசம்பர் 1

திருச்சியில் இரவுகள் குளிர்ந்ததும் பி.கே.எம் பிஞ்சு பிடிக்கத் தொடங்கியிருக்கிறது. ஆடியில் போட்டதற்குப் பதில் புரட்டாசியில் போட்டிருந்தாலும் அங்கே பி.கே.எம்மின் முதல் பிஞ்சு ஏறக்குறைய இதே சமயத்தில்தான் வந்திருக்கும் என்பது என் கணிப்பு. ஒரு ரகம் சீக்கிரமா தாமதமா என்பதை ஊரைச் சொல்லாமல் சொல்வதில் பொருளில்லை என்று நாத்தனாரும் இப்போது சொல்கிறார்.

நோய் படாத பி.கே.எம் செடி ஒன்றில் நன்கு பழுத்த பழங்களைப் பிழிந்து, கூழோடு விதைகளை இரண்டு நாள் புளிக்கவைத்து, வழவழப்பு நீங்கியதும் கழுவி நிழலில் உலர்த்தியிருக்கிறேன். தக்காளி பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறுவதால் இது தாய்ச்செடியைப் போலவே வரும். ரக்ஷக் வீரிய ஒட்டு என்பதால் அதன் விதையை எடுத்து வைத்துப் பயனில்லை, மறுபடியும் வாங்கத்தான் வேண்டும். அடுத்த பட்டத்தில் எங்கள் மாடியில் பாதி பி.கே.எம், கால்வாசி ரக்ஷக், பிள்ளைகளுக்காக ஒரே ஒரு செர்ரி. அக்கா பூசா ரூபியை விடப் போவதில்லை; நாற்றுக்குக் கொசுவலை கட்டியாவது வளர்ப்பேன் என்கிறார்.