கிணற்றில் ஏறி இறங்கும் கடல்: லட்சத்தீவுப் பயணம்

கொச்சியில் கப்பல் ஏறினால் லட்சத்தீவு போய்ச் சேரப் பதினான்கு முதல் பதினெட்டு மணி நேரம் ஆகும். தூரத்தில் முதலில் தெரிவது நிலம் அல்ல, தென்னந்தலைகள். கடலுக்குள்ளிருந்தே மரம் முளைத்தாற்போல இருக்கும். கிட்டே போன பிறகுதான் அடியில் வெள்ளைக் கோடாக மணல் தெரியும். கடல் மட்டத்துக்கு மேல் ஒன்றிரண்டு மீட்டர், மொத்த உயரமே அவ்வளவுதான். குன்று கிடையாது, ஆறு கிடையாது, ஓடைகூடக் கிடையாது. பத்துத் தீவுகளில் மக்கள் குடியிருக்கிறார்கள். 2011 கணக்கெடுப்பில் 64,473 பேர். எல்லாத் தீவுகளையும் ஒட்டவைத்தாலும் 32 சதுர கிலோமீட்டர்தான் வரும், சென்னை மாநகராட்சிப் பரப்பில் பதின்மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது.

‘மூழ்கப் போகும் தீவுகள்’ என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அந்தப் படத்தை மனத்தில் வைத்துக்கொண்டு போகிறவர் ஒன்றும் பார்க்காமல்தான் திரும்புவார். கரை அழகாகவே இருக்கும், தண்ணீர் பச்சையும் நீலமுமாக மின்னும். இங்கே கேடு வருகிற வரிசை வேறு. முதலில் பவளம் சாகிறது. அதை நம்பியிருக்கும் பொடிமீன், மணல், கரை, கிணறு எல்லாம் அதன் பின்னால் போகின்றன. கடல் ஏறி ஊரை மூடுவது, வந்தாலும், கடைசியில் வருவது. எங்கே எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்து போனால் ஒரு வாரத்திலேயே இந்த வரிசையைக் கண்ணால் காணலாம்.

போகும் வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தீவுக்காரர் அல்லாத எவருக்கும் நுழைவு அனுமதி கட்டாயம். 1967ஆம் ஆண்டு விதி அது. அரசுச் சுற்றுலாத் தொகுப்பில் போனால் அனுமதி வேலையை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். விமானம் அகத்திக்கு மட்டும்தான், கொச்சியிலிருந்து ஒன்றரை மணி நேரம். அக்டோபர் முதல் மே முதல் பாதி வரைதான் காலம்; தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் சுற்றுலாக் கப்பல் நிற்கும். பல இடங்களில் கப்பல் பவளத்திட்டுக்கு வெளியே நின்றுவிடும், பக்கவாட்டுக் கதவு வழியாகப் படகுக்குத் தாவ வேண்டும். தாவும்போது இரண்டு கையும் காலியாக இருக்கட்டும். பங்காரம் தீவு தவிர வேறெங்கும் மது கிடையாது.

தீவின் அமைப்பைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. வளையமாக ஒரு பவளத்திட்டு, நடுவே லகூன் எனப்படும் ஆழம் குறைந்த கடல்குளம், வளையத்தின் கிழக்கு ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு நீள மணல் துண்டு. பெரும்பாலான தீவுகள் இப்படித்தான். மேற்கே இருந்து வரும் பருவக்காற்று அலை ஊரைத் தொடுவதற்கு முன் திட்டில் மோதி உடைகிறது. உலகம் முழுக்க நடந்த அளவீடுகளைத் தொகுத்ததில், பவளத்திட்டு அலையின் ஆற்றலில் சராசரியாக 97 விழுக்காட்டைத் தின்றுவிடுகிறது என்று தெரிந்தது. மேற்குக் கரையில் நின்று பார்த்தால் இது விளங்கும். தொலைவில் வெள்ளை நுரை வரிசை இரைந்துகொண்டிருக்கும், காலடியில் குளத்துத் தண்ணீர்போல அசைவே இருக்காது. ஆந்திரோத்தில் மட்டும் லகூன் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. அங்கே போய்விட்டு வந்தால் மற்றத் தீவுக்காரர்களின் அதிர்ஷ்டம் புரியும்.

நுரை வரிசைக்கு உள்பக்கம் முகக்கண்ணாடியும் மூச்சுக்குழலும் மாட்டிக்கொண்டு நீந்துங்கள். கவரத்தி, அகத்தி, கடமத் மூன்றிலும் இதற்கு வசதி உண்டு. பவளத்தின் மேல் நிற்கக் கூடாது, பிடிக்கக் கூடாது. துடுப்புக் காலணி போட்டிருந்தால் மணலைக் கிளறாதபடி படுத்தவாக்கில் நீந்த வேண்டும். முதுகு எரியாமல் இருக்க முழுக்கைச் சட்டை போதும், களிம்பு வேண்டாம்.

அங்கே நான்கு வகைப் பவளத்தைப் பிரித்துப் பார்க்கப் பழகலாம். உயிருள்ளது பழுப்பு, இளம்பச்சை, மங்கிய ஊதா நிறங்களில் இருக்கும். கூடுதல் பளபளப்பாக, நீலமாகவோ இளஞ்சிவப்பாகவோ ஒளிர்ந்தால் மகிழ வேண்டாம், அது நோயின் தொடக்கம். பால் வெள்ளையாக இருந்தால் வெளுத்துவிட்டது என்று அர்த்தம். ஆனால் இன்னும் சாகவில்லை. அழுக்குப் பச்சையாகப் பாசி படர்ந்து, விளிம்பு மழுங்கியிருந்தால் செத்துவிட்டது. பவள உயிரியின் திசுவுக்குள் நுண்பாசி குடியிருக்கிறது. உணவில் பெரும்பங்கை அதுதான் சமைத்துக் கொடுக்கிறது. தண்ணீர் சூடானால் அந்தப் பாசியே நஞ்சாக மாறும், பவளம் அதை வெளியே துப்பிவிடும். உயிர் இருக்கும், சோறு இருக்காது. ஓரிடத்தின் வழக்கமான கோடை உச்ச வெப்பத்தைவிட ஒரு டிகிரி கூடி நான்கு வாரம் நின்றால் வெளுப்பு தொடங்கும், எட்டு வாரம் நின்றால் பரவலாகச் சாவு விழும். சில வாரத்தில் சூடு தணிந்தால் பாசி திரும்பி வந்து பவளம் பிழைத்துக்கொள்வதும் உண்டு.

லட்சத்தீவில் கடல் மிகச் சூடாவது ஏப்ரல், மே மாதங்களில். 1998, 2010, 2016, 2024 என நான்கு பெரிய வெளுப்புகள் வந்துபோயின. கடைசி முறை வெப்ப அலை 2023 அக்டோபர் இறுதியிலேயே தொடங்கிவிட்டது. அகத்தி, கடமத், கவரத்தித் திட்டுகளை 24 ஆண்டு தொடர்ந்து அளந்தவர்கள் கண்டது: 1998இல் சுமார் 37 விழுக்காடாக இருந்த உயிர்ப் பவளப் பரப்பு 2022இல் 19.6 ஆகிவிட்டது. ஏறக்குறையப் பாதி. இதில் ஒரு நுட்பம் உண்டு. ஒவ்வொரு முறையும் சாவு விகிதம் குறைந்துகொண்டுதான் வந்திருக்கிறது. எளிதில் சாகும் மான்கொம்புப் பவளம் முதலிலேயே போய்விட்டதும், மெல்ல வளரும் பாறாங்கல் போன்ற உருண்டைப் பவளம் தாக்குப்பிடித்ததும் ஒரு காரணம். ஆனால் மீண்டு வரும் வேகமும் சேர்ந்தே குறைந்தது. இடையூறு இல்லாமல் ஆறு ஆண்டு கிடைத்தால்தான் திட்டு நன்றாக எழுந்து நிற்கிறது. 2010க்கும் 2016க்கும் இடையே கிடைத்தது அந்த ஆறே ஆறு.

நீரில் தலையை அமிழ்த்திக் கேளுங்கள், வறுகடலை கடிப்பதுபோல் ஒரு சத்தம் வரும். அது கிளிமீன். பவளப் பாறையைக் கடித்து, மேலே படர்ந்த பாசியைத் தின்று, கல்லை அரைத்து மணலாகக் கழிக்கிறது. நீங்கள் படுத்துக்கிடக்கும் கரை மணலில் கணிசமான பங்கு அதன் வயிறு வழியாக வந்ததுதான். கிளிமீன் இல்லாத திட்டில் செத்த பவளத்தைப் பாசி மூடிவிடும், புதுப் பவளக் குஞ்சு ஒட்ட இடம் இருக்காது. ஆகவே தீவில் பொரித்த கிளிமீன் தட்டில் வந்தால் வேண்டாம் என்று சொல்லி, சூரை கேளுங்கள். களவாவும் திட்டு மீன்தான், அதையும் தவிர்த்துவிடுங்கள். திட்டு மீனுக்கு வெளிச்சந்தை திறந்துகொண்டிருப்பது வெப்பத்தைவிடச் சின்ன ஆபத்தாகத் தெரியலாம். மீண்டு வரும் வேகத்தைத் தீர்மானிப்பது அதுதான்.

அகத்தியிலிருந்து படகில் பங்காரமும் தின்னகரையும் போகிறவர்கள் பெரும்பாலும் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். படகோட்டியிடம் பரளித் தீவு எங்கே என்று கேளுங்கள். அதே லகூனில் மூன்று பரளிகள் இருந்தன. 1968இல் 0.032 சதுர கிலோமீட்டராக இருந்த முதல் பரளி இன்று இல்லை. இரண்டாம் பரளி எண்பது விழுக்காடு கரைந்தது. தின்னகரை பதினான்கு, பங்காரம் பத்து விழுக்காடு அளவுக்கு இழந்திருக்கின்றன. 2017இல் வெளியான இந்தக் கணக்கு ஊடகங்களில் ‘கடல் விழுங்கிய தீவு’ என்று வந்தது. விழுங்கியது என்பதைவிட, தின்ற மணலுக்கு ஈடு வரவில்லை என்பதே சரி. மணல் தீவு எப்போதும் ஒரு பக்கம் அரிபட்டு மறுபக்கம் சேர்ந்துகொண்டே இருக்கும். வரவு குறைந்தால்தான் அது தேய்கிறது.

ஆள் வாழும் தீவுகளில் இதற்குப் பதிலாக வைக்கப்பட்டிருப்பது நாலு கால் கான்கிரீட் கட்டை, டெட்ராபாட். கரை நெடுக அடுக்கிவைத்திருப்பார்கள். வீட்டுக்குப் பத்தடியில் கடல் நிற்கும்போது வேறு வழி இல்லை என்பது உண்மைதான். ஆனால் அடுக்கு முடிகிற இடத்தில் போய் நின்று பாருங்கள். கரையோரமாக நகர்ந்து வரும் மணல் தடைபட்டு, அடுத்த துண்டில் தென்னையின் வேர் அந்தரத்தில் தொங்குவதைப் பார்க்கலாம். அரிப்பு நிற்கவில்லை, பக்கத்து வீட்டுக்கு மாறியிருக்கிறது. படகு வழிக்காகத் திட்டை வெட்டி ஆழப்படுத்துவதும் இப்படித்தான்: அலைக்கும் ஒரு வாசல் திறக்கிறது, கிளம்பும் சேறு பவளத்தின் மேல் படிகிறது. எல்லாப் பழியையும் வானிலையின் தலையில் போடுவது வசதியான பேச்சு.

இனி கிணறு. தீவில் எந்த வீட்டிலும் கிணறு உண்டு, இரண்டு மூன்று மீட்டரில் தண்ணீர். உப்புக் கடலின் நடுவே நல்ல தண்ணீர் எப்படி? மழைநீர் பவள மணலுக்குள் இறங்கி, கனமான உப்பு நீரின் மேல் லென்ஸ் வடிவில் மிதக்கிறது. ஏட்டுக் கணக்குப்படி, கடல் மட்டத்துக்கு மேல் நல்ல தண்ணீர் ஒரு சாண் நின்றால், கீழே நாற்பது சாண் இருக்கும். தீவில் மேலே நிற்பதே சில அங்குலங்கள்தான். அலைஏற்றம் தினமும் இரண்டு முறை அடியிலிருந்து தள்ளிக் கலக்குவதால் நிஜத்தில் கிடைப்பது ஏட்டுக் கணக்கைவிடக் குறைவு. கிணற்றுச் சுவரில் ஈரக் கோட்டைக் கவனியுங்கள், கடல் ஏற ஏற அதுவும் ஏறும்.

இந்த நாற்பதுக்கு ஒன்று இரண்டு பக்கமும் வெட்டும். மேலே ஒரு அங்குலம் குறைந்தால் கீழே நாற்பது அங்குலம் போகும். கயிற்றில் இறைத்த காலத்தில் கிணறு தாங்கியது. மோட்டார் வைத்து ஒரேயடியாக இழுத்தால், உறிஞ்சும் குழாய்க்கு நேர் கீழே உப்பு நீர் கூம்பாக எழும்பி வரும். அப்படி ஏறிய உப்பு இறங்கப் பல மழை வேண்டும். கரை அரிபட்டுத் தீவு ஒடுங்கினால் லென்ஸும் ஒடுங்கும். புயலில் கடல் நீர் மேலேறி வந்தால் கிணறு மேலிருந்தே கெடும். பக்கத்திலேயே கழிவறைத் தொட்டியும் இருப்பதால் கிருமி வேறு. தங்குமிடத்தில் வாளியில் குளியுங்கள், கிணற்று நீரைக் காய்ச்சாமல் குடிக்க வேண்டாம். தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று பையில் இருந்தால் தீவின் நடுக் கிணற்றையும் கரையோரக் கிணற்றையும் அளந்து பாருங்கள், வித்தியாசம் எண்ணாகவே தெரியும்.

குடிநீருக்கு வந்த பதிலில் சென்னைக்குப் பங்கு உண்டு. பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகம் 2005இல் கவரத்தியில் நாளுக்கு ஒரு லட்சம் லிட்டர் தரும் நிலையத்தை அமைத்தது. 2011இல் அகத்தி, மினிக்காய், பின்னர் மற்றத் தீவுகள். தத்துவம் எளிமையானது. காற்றை உறிஞ்சி எடுத்த தொட்டிக்குள் 28 டிகிரி மேற்பரப்பு நீரை விட்டால் அடுப்பு இல்லாமலே கொதிக்கும். அந்த ஆவியைக் குளிர்விக்க 350 மீட்டருக்கும் கீழேயிருந்து 12, 13 டிகிரி நீரைக் குழாயில் ஏற்றுகிறார்கள். திட்டு முடிந்ததும் கடல் செங்குத்தாக இறங்குவதால்தான் கரைக்கு அருகிலேயே அவ்வளவு ஆழம் கிடைக்கிறது. உள்ளே போகும் நூறு லிட்டரில் ஒரு லிட்டர் சொச்சம்தான் குடிநீராகும், மீதி கடலுக்கே திரும்பும். வேதிப்பொருள் பெரிதாகத் தேவையில்லை, அடர்ந்த உப்புக்கழிவும் இல்லை. பலவீனம் இரண்டு: கரடுமுரடான கடலில் அந்த ஆழ்குழாயைக் காப்பது, பம்புகளுக்கு வேண்டிய மின்சாரம். தீவின் மின்சாரத்தில் பெரும்பங்கு கப்பலில் வரும் டீசலில்தான் ஓடுகிறது.

மினிக்காய் தனி உலகம். மற்றத் தீவுகளில் மலையாளம் சார்ந்த ஜெசரி, இங்கே மாலத்தீவு மொழியின் கிளையான மஹல். 1885இல் கட்டிய கலங்கரை விளக்கத்தில் ஏறினால் லகூன் முழுவதும் தெரியும். ஆனால் பார்க்க வேண்டியது விடியற்காலைப் படகுத்துறை. சூரைப் படகு புறப்படும் முன் லகூனில் உயிர் இரை பிடிக்க வேண்டும். பவளத்தைச் சுற்றி வலையைத் தண்ணீருக்குள் இறக்கி, அரைத்த மீன் சதையைத் தூவி, விரல் நீளப் பொடிமீன் கூடியதும் தூக்குவார்கள். செதில் உதிர்ந்தால் செத்துவிடும் என்பதால் கையே படாமல் படகின் நீர்த்தொட்டிக்கு மாற்ற வேண்டும். நெருக்கினாலும் சாகும். வெளிக்கடலில் சூரைக் கூட்டத்தைக் கண்டதும் இரையை வீசி, தண்ணீரைப் பூவாய்த் தெளித்து மீனை மயக்குவார்கள். பின் தட்டில் வரிசையாக நிற்பவர்கள் முள்ளில்லாத தூண்டிலால் ஒவ்வொன்றாய்த் தூக்கி எறிவார்கள். கயிறு தளர்ந்ததும் மீன் தானே கழன்று படகில் விழும். ஆமையோ குட்டி மீனோ மாட்டாத சுத்தமான முறை. இதன் மூச்சு அந்தப் பொடிமீனில் இருக்கிறது, பொடிமீனின் வீடு பவளக் கிளைகளில் இருக்கிறது. இரை சிக்காத நாளில் வெளியே சூரை துள்ளினாலும் படகு கரையிலேயே நிற்கும்.

புயலும் மாறிவிட்டது. 1982 முதல் 2000 வரையோடு ஒப்பிட்டால் 2001 முதல் 2019 வரை அரபிக்கடலில் புயல் எண்ணிக்கை 52 விழுக்காடு கூடியது. 2017 டிசம்பர் தொடக்கத்தில் ஒக்கி மினிக்காயிலும் கல்பேனியிலும் தென்னைகளைச் சாய்த்தது. கன்னியாகுமரி மாவட்ட மீனவர்கள் பலர் அப்போது படகோடு வந்து கரையேறியது இந்தத் தீவுகளில்தான்.

திரும்பும்போது வாங்க ஒரே பொருள் மாசி. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் பழக்கமான அதே மாசிக் கருவாடு. மஹல் மொழியில் ‘மஸ்’ என்றால் மீன். சூரையை நான்காக வகிர்ந்து, உப்பு நீரில் அவித்து, தேங்காய் மட்டைப் புகையூட்டி, வெயிலில் காயவைக்கிறார்கள். ஐந்து கிலோ மீன் ஒரு கிலோ மாசியாகும். காலம் தப்பிய மழை காய்வதைக் கெடுத்தால் உள்ளே பூஞ்சை பிடிக்கும். இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். விறகு மோதினாற்போல் ‘டக்’கென்று கேட்டால் வாங்கலாம். சத்தம் அமுங்கினால் வைத்துவிடுங்கள்.