வெட்டிவிட்டா பால் அதுவா வடியும்

காலையில நாலரைக்கு ஹெட்லைட்ட நெத்தியில கட்டிட்டு ரப்பர் வெட்டப் போறவனுக்கு ராத்திரி கேம் எதுக்குன்னு வீட்டுல கேக்குறா, கேக்கத்தான் செய்வா. பால் எடுத்து, ஷீட் அடிச்சு போட்டுட்டு, அப்புறம் மார்த்தாண்டத்துல கடைக்குப் போயி, திரும்பி வந்து பிள்ளையள தூங்க வைக்கும்போ மணி ஒன்பதரை. பத்தேகாலுக்கு நானும் படுக்கணும். ஆக முக்கா மணிக்கூர், அதுவும் கரண்டு இருந்தா.

இத வச்சிட்டு நான் ஆரம்பிச்சது ஈவ் ஆன்லைன், விண்வெளியில கப்பல் ஓட்டுற கேம். ஐஸ்லாந்துக்காரனுவ 2003ல விட்ட கேம், 2016 கடைசியில இருந்து காசு கட்டாமலும் ஆடலாம். மஸ்கட்ல இருக்க கூட்டுக்காரன்தான் "லேய் மக்கா, நேரமில்லாதவனுக்கு இதாம்ல சரி"ன்னான். நான் நம்பல. ஏன்னா இந்த கேமப் பத்தி எனக்குத் தெரிஞ்சது 2014 ஜனவரி சண்டை ஒண்ணுதான், எவனோ ஒரு இடத்துக்கு கட்டவேண்டிய தொகை கட்டாம விட்டுப்போயி, அத பிடிக்க எதிராளி வந்து, 21 மணிக்கூர் சண்டை, டைட்டன்னு சொல்ற ராட்சச கப்பல் மட்டும் 75 போச்சு. கரண்டு பில் கட்ட மறந்து ஊரே எரிஞ்ச கதை. ஆளு கூடினா சர்வர் தாங்காதுன்னு அந்த இடத்துல நேரத்தையே பத்துல ஒரு பங்கா மெதுவாக்கிருவானுவ, அதான் அவ்வளவு நேரம். எனக்க முக்கா மணிக்கூர் அங்க என்னத்துக்கு ஆகும்?

ஆனா உள்ள போனப்பதான் விஷயம் புரிஞ்சது. இதுல அடிச்சு அடிச்சு லெவல் ஏத்துற கதையே இல்ல. எந்த ஸ்கில் படிக்கணும்னு வரிசையா போட்டுட்டு லேப்டாப்ப மூடிரலாம், நாம தூங்கினாலும் அது பாட்டுக்கு நிஜ நேரத்துல ஏறும், பெரிய ஸ்கில்லோட அஞ்சாம் லெவலுக்கு நாள்கணக்கு வாரக்கணக்கு ஆகும். ரப்பரும் இதேதான பாத்துக்கோங்க, நாம பட்டைய ஒரு கோடு வெட்டிவிட்டு சிரட்டைய வச்சிட்டு அடுத்த மரத்துக்கு போயிருவோம், பால் அதுவா வடியும், கிட்ட நின்னு பாத்தா கூடவா வடியப்போகுது. ஓசிக்காரனுக்கு படிப்பு கொஞ்சம் மெதுவு, 50 லட்சம் பாயின்டுக்கு மேல தானா ஏறாதுன்னு ஒரு தடையும் உண்டு. பரவால்ல.

வெஞ்சர்னு ஒரு சின்ன கப்பல், தொடக்க வேலையிலயே ஓசியா கிடைக்கும், அதுல பாறை தோண்டிட்டு இருந்தேன். ஒரு கை சாயா, ஒரு கை மவுஸ். விண்வெளின்னு பேருதான், எஞ்சின நிப்பாட்டினா கப்பல் கொஞ்சம் கொஞ்சமா நின்னுரும், குளச்சல் வள்ளம் தண்ணியில நிக்கது மாதிரி. அந்தப்பக்கம் மகேந்திரகிரியில ராக்கெட் எஞ்சின் டெஸ்ட் பண்றவங்க பாத்தா சிரிப்பாங்க. எனக்கு அது பிடிச்சுத்தான் இருக்கு.

மாட்டினது எங்கன்னா அவசரத்துல. ரெண்டு வாரம் சேத்த சரக்கு மொத்தத்தையும் ஏத்திட்டு விக்கப் போறேன், மணி பத்து அஞ்சு, சுத்திப் போனா நேரம் பத்தாதுன்னு ஆட்டோபைலட்ல குறுக்கு வழிய போட்டேன். இங்க ஒவ்வொரு இடத்துக்கும் பாதுகாப்புக்கு ஒரு மார்க் உண்டு, 0.5ம் அதுக்கு மேலயும் உள்ள இடத்துல ஒருத்தன் நம்மள சுட்டா கான்கார்டுன்னு போலீசு வந்து அவன முடிச்சிரும், அதுவும் நம்மள காப்பாத்த வராது, பழிவாங்கத்தான் வரும். அதுக்கு கீழ போனா அந்த போலீசும் கிடையாது, எனக்க குறுக்கு வழி அதுக்குள்ளதான். போறதுக்கு முன்னால ஒரு எச்சரிக்கை வந்தது. படிக்காம ஓகே அமுக்கினேன். கேட்டுக்கு, அதான் ஒரு இடத்துல இருந்து அடுத்த இடத்துக்கு தாவுற வாசலுக்கு, அந்தப்பக்கம் நாலுபேரு சும்மா நிக்கானுவ, பஸ்ஸ்டாண்டுல வெட்டியா நிக்கது மாதிரி. எண்ணி பத்து செகண்டு இருக்கும், கப்பல் இல்ல, சரக்கு இல்ல, கப்பல் உடைஞ்சா ஆளு தப்பிக்க ஒரு முட்டை மாதிரி கூடு உண்டு, அதக் கூட விடல சவங்க. ஒருத்தன் சாட்ல ஜிஎஃப்னு போட்டான், நல்ல சண்டையாம். எனக்க கப்பல்ல துப்பாக்கியே இல்ல மக்கா.

கூட்டுக்காரன்ட்ட சொன்னா விழுந்து விழுந்து சிரிக்கான். "போனா போட்டும்னு தோணுற கப்பல்ல மட்டும் ஏறுல"ன்னான், அத முதல்லயே பறஞ்சா என்ன. இப்ப என்ன செய்யேன்னா, உக்காந்த உடனே எத்தனை கேட் தாண்டணும்னு எண்ணுவேன், ஒரு கேட்டுக்கு ஒரு நிமிஷம்னு வச்சா போக்குவரத்து இருபதுக்குள்ள நிக்கணும், நிக்கலன்னா அன்னைக்கு பாறைதான்.

இன்னைக்கு சாயங்காலத்துல இருந்தே நல்ல மழை, நாளைக்கு வெட்டு இல்ல, பதினொண்ணு வரைக்கும் இருக்கலாம்னு ஆசையா உக்காந்தேன், கப்பல் வெளிய வந்ததும் கரண்டு போச்சு. மோடம் செத்துது. இத போன்ல டைப் பண்றேன். இன்வெர்ட்டர் வாங்கணும்னு அவகிட்ட எப்படி சொல்ல, ஃபேனுக்குன்னு சொன்னா நம்புவாளா.