வியாழக்கிழமை வரைக்கும்

2024 ஜூன் 3, திங்கள்

பெரியப்பா மகன் தன் பேங்க் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துக் கேட்டுப் போன் செய்தார். "பார்க்கலாம்ணே" என்று சொல்லியாகிவிட்டது. தப்பு. சொல்பவர் வாயில் அது மரியாதையான "இல்லை". கேட்பவர் காதில் அடக்கமான "சரி". "ஜாமீனுக்கு ஆள் இருக்கு சார்" என்று பேங்க்கில் இன்றைக்கே போய்ச் சேர்ந்திருக்கும்.

போனில் போடும் "ம்" இன்னொரு கண்ணி. கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கும் ம், ஆகட்டும் என்பதற்கும் ம். மூன்று நிமிடப் பேச்சில் இருபது ம் விழுந்தால் எதிராளி அதைச் சம்மதக் கணக்கில் எழுதிக்கொள்வதில் குற்றமே இல்லை. "கேக்குது, சொல்லுங்க" என்று முழுச் சொல்லாகப் போட வேண்டும். இல்லாவிட்டால் வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும்.

சொல்லியிருக்க வேண்டியது இது: "இப்ப பதில் சொல்லலண்ணே. புதன்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு நானே கூப்பிடுறேன்." கிழமை, மணி, கூப்பிடுவது யார், மூன்றும் இருக்கிறது. ஒன்று விட்டுப்போனாலும் அது மறுபடி "பார்க்கலாம்"தான். கெடு 48 மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது. இழுத்தால் அவர் வேறு ஆள் தேடவேண்டிய நாட்களையும் சேர்த்துத் தின்றுவிடுகிறோம்.

13ஆம் தேதி, வியாழக்கிழமை, பேப்பரோடு வருகிறார்களாம்.

ஜூன் 4, செவ்வாய்

வாக்கு எண்ணிக்கை. ஊரே டிவி முன்னால். இன்றைக்கு யாரும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

ஜூன் 5, புதன்

"சும்மா ஒரு கையெழுத்துதானே."

அந்தச் சும்மாவின் கணக்கு: 5 லட்சம், 12 சதவீத வட்டி, 60 மாதம். தவணை 11,122 ரூபாய். கட்டி முடிக்கும்போது 6,67,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே போயிருக்கும்.

1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 128. ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, பாதி கிடையாது, "கடைசியில்தான் நம்மிடம் வருவார்கள்" என்பதும் கிடையாது. வாங்கியவரிடம் வசூலிக்கப் பார்த்து ஓய்ந்த பிறகுதான் ஜாமீன்தாரரிடம் வரவேண்டும் என்று பேங்க்கைக் கட்டாயப்படுத்த முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் அரை நூற்றாண்டுக்கு முன்பே சொல்லிவிட்டது. நேரே நம் வாசலுக்கு வரலாம்.

"வேணாம்னா அப்புறம் வாபஸ் வாங்கிக்கலாம்" என்பதும் வெறும் ஆறுதல். பிரிவு 130 வாபஸ் வாங்க அனுமதிப்பது, அடுத்தடுத்த கொடுக்கல் வாங்கல்களுக்குச் சேர்த்துப் போடும் தொடர் ஜாமீனை, அதுவும் இனி நடக்கப்போகும் கொடுக்கல் வாங்கலுக்கு மட்டும். கொடுத்து முடித்த கடனுக்கு அது உதவாது. நாம் கட்டித் தொலைத்தால் வாங்கியவரிடம் திரும்பக் கேட்கும் உரிமை பிரிவு 145இல் இருக்கிறது. அதாவது, அண்ணன் மேல் கேஸ் போடும் உரிமை.

நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையிலும் ஜாமீன்தாரர் என்று கணக்கு ஏறும். அவர் தவணை தவறினால் நம் வீட்டுக் கடன் விண்ணப்பத்தில் அது வந்து உட்காரும்.

இவ்வளவும் தெரிந்தும் வாய் "பார்க்கலாம்" என்கிறது. சட்டம் தெரியாதவர்கள்தான் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று நினைப்பது தவறு. முகதாட்சண்யம் தெரிந்தவர்கள்தான் போடுகிறார்கள்.

ஜூன் 6, வியாழன்

"முடிவு அப்புறம் சொல்லு. ஆதார், பான் ஜெராக்ஸ் மட்டும் இப்ப வாட்ஸப்ல அனுப்பி வை."

அனுப்பக்கூடாது. ஜெராக்ஸ் ஒரு ரூபாய்ச் சமாசாரம், ஆனால் அதோடு "நான் இதில் இருக்கிறேன்" என்பதும் சேர்ந்து போகிறது. ஃப்ரீட்மன், ஃப்ரேசர் என்ற இரு உளவியலாளர்கள் கலிஃபோர்னியாவில் செய்து 1966இல் வெளியிட்ட சோதனை இதைத்தான் காட்டியது. வீட்டு முன்னால் "கவனமாக ஓட்டுங்கள்" என்று ஒரு பெரிய, அசிங்கமான பலகை வைக்கலாமா என்று நேரே போய்க் கேட்டால் ஒத்துக்கொண்டவர்கள் ஏறத்தாழ 17 சதவீதம். இரண்டு வாரம் முன்னால் அதே விஷயத்துக்குக் கையகலச் சீட்டு ஒன்றை ஜன்னலில் ஒட்டச் சம்மதித்திருந்தவர்களில் 76 சதவீதம். பலகை மாறவில்லை. சீட்டு ஒட்டியவர்கள் தங்களைப் பற்றி நினைப்பது மாறிவிட்டது.

வேறு காரியத்துக்கு ஜெராக்ஸ் கொடுத்தே ஆகவேண்டும் என்றால் எழுத்தின் மேலேயே குறுக்காக எழுத வேண்டும்: இன்ன காரியத்துக்கு மட்டும், இன்ன தேதி, கையெழுத்து. ஓரத்தில் எழுதினால் மறைத்துவிட்டு இன்னொரு பிரதி எடுக்கலாம்.

ஜூன் 7, வெள்ளி

மனதுக்குள் வைத்த கெடு புதன்கிழமையே முடிந்துவிட்டது. கூப்பிடவில்லை.

ஜூன் 8, சனி

நாலு மணிக்கே விழிப்பு. வினைச்சொல்லில்தான் சிக்கல் இருக்கிறது.

"போட முடியாதுண்ணே." ஏன் முடியாது என்ற கேள்வியை இது வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிறது. முடியாமைக்கு ஒரு தடை வேண்டும், தடையைச் சொன்னால் அவர் நகர்த்துவார்.

"போட மாட்டேண்ணே." உண்மை. ஆனால் உனக்கு மாட்டேன் என்று கேட்கும். பெரியப்பா மகனிடம் இந்தச் சொல் கதவைச் சாத்துகிற சத்தத்தோடு போய் விழும்.

"ஜாமீன் கையெழுத்து யாருக்கும் போடுறதில்லண்ணே." இதுதான். ஆள் மாறி வழக்கம் வந்துவிட்டது. மளிகைக் கடைகளில் "கடன் அன்பை முறிக்கும்" என்று தொங்குகிற போர்டு செய்கிற வேலை இதேதான். கடைக்காரர் யாருக்கும் இல்லை என்று சொல்வதில்லை, போர்டு சொல்கிறது. வாடிக்கையாளர் போர்டோடு சண்டை போட மாட்டார்.

ஒரு நிபந்தனை: போர்டு பொய்யாக இருக்கக்கூடாது. ஏற்கெனவே மச்சானுக்குப் போட்டுக் கொடுத்திருந்தால் "யாருக்கும்" என்பது இரண்டே நாளில் உடைந்து முகத்தில் தெறிக்கும். அப்போது "இனிமே யாருக்கும் போடுறதில்ல". இனிமே என்ற சொல்லை முழுங்காமல் சொல்ல வேண்டும்.

"தப்பா நினைச்சுக்காதீங்க" வேண்டாம். தப்பாக நினைப்பதற்கு நாமே இடம் காட்டுவது அது.

ஜூன் 9, ஞாயிறு

கல்யாணப் பந்தி. பாயசம் வரும்போது கவனித்தால் எல்லாமே அங்கே இருக்கிறது.

"போதும் போதும்" என்று வாயால் சொல்கிறவர் இலையில் கரண்டி நிற்பதே இல்லை. பரிமாறுகிறவருக்கு அந்தப் போதும் உபசாரத்தின் ஒரு பகுதி, இன்னொரு கரண்டிக்கான சைகை. கரண்டி சாய்ந்த பிறகு கையை நீட்டுகிறவர் விரலில் பாயசம். வாளி இரண்டு இலை தள்ளி இருக்கும்போதே உள்ளங்கை இரண்டையும் இலைக்கு மேலே விரித்து வைக்கிறவரைப் பரிமாறுகிறவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் தாண்டிப் போகிறார். வருத்தம் இல்லை, கோபம் இல்லை, அவருக்கு அடுத்த இலை இருக்கிறது.

மொய் எழுதியாயிற்று. நோட்டைப் பார்த்து, அவர்கள் செய்ததற்குக் குறையாமல். மொய் வேறு, தாட்சண்யம் வேறு. வாங்கியதைத் திருப்பிச் செய்வதையும் "இனி எனக்காக வாழப்போகிறேன்" என்று நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது மாற்றம் இல்லை, பாக்கி.

அண்ணன் பந்தியில் எதிர்வரிசையில். கையைத் தூக்கிக் காட்டினார். வியாழக்கிழமை என்று வாயசைத்தார். தலை தானாக ஆடிவிட்டது.

ஜூன் 10, திங்கள்

பழக்கத்துக்குச் சின்னச் சின்ன இல்லைகள். பங்க்கில் "ஆயில் செக் பண்ணவா சார்", சலூனில் "ஃபேஷியல்", கடையில் சில்லறைக்குப் பதில் சாக்லேட். "வேண்டாம்" ஒன்றுதான், பின்னால் எதுவும் ஒட்டக்கூடாது. "இன்னைக்கு வேண்டாம்" என்றால் நாளைக்கு வேண்டும் என்று அர்த்தம்.

சாக்லேட்டில் தோற்றாயிற்று. பின்னால் வரிசை நின்றது.

ஜூன் 11, செவ்வாய்

எட்டு மணிக்குக் கூப்பிட்டாயிற்று. ஆறு நாள் தாமதம்.

நேரில் போகாமல் போனில் பேசுவது சரிதான். முகதாட்சண்யம் என்ற பெயரிலேயே முகம் இருக்கிறது, அதை எடுத்துவிட்டால் பாதிப் பாரம் இறங்கும். வாட்ஸப்பில் எழுதுவது சரியில்லை, ஸ்கிரீன்ஷாட்டாகிக் குடும்ப குரூப்பில் ஓடும். நின்றுகொண்டு பேச வேண்டும், உட்கார்ந்தால் குரல் குழைகிறது. முதல் வாக்கியத்திலேயே விஷயம். உடம்பு எப்படி, மழை உண்டா என்று ஆரம்பித்தால் பத்தாவது நிமிடத்தில் சொல்ல வாய் வராது.

காரணம் சொல்லக்கூடாது என்பதுதான் எல்லாரும் சறுக்கும் இடம். சம்பள சிலிப் இல்லை என்றால் "ஐடி ரிட்டர்ன் போதுமாம்". வீட்டில் ஒத்துக்க மாட்டாங்க என்றால் "போனை அவகிட்ட குடு, நான் பேசறேன்". (இதில் இன்னொரு கேடும் உண்டு, பழி மனைவி தலையில் விழுந்து பத்து வருஷம் நிற்கும்.) ஒவ்வொரு காரணமும் அவருக்கு ஒரு வேலை கொடுப்பது. செய்து முடித்துவிட்டு வந்து நிற்பார், நம்மிடம் காரணம் தீர்ந்திருக்கும்.

அதனால் அதே வாக்கியம், அதே சொற்கள். "யாருக்கும் போடுறதில்லண்ணே." புதிதாக அலங்கரித்தால் அலங்காரத்தில் ஓட்டை கண்டுபிடிப்பார். மூன்று முறை தேவைப்பட்டது. மூன்றாவதுக்குப் பிறகு அமைதி. மனதுக்குள் பத்து எண்ண வேண்டும். ஆறு, ஏழு வரும்போது எதையாவது கொடுத்து அந்த அமைதியை நிரப்பச் சொல்லி நாக்கு துடிக்கும். பொதுவாக "சரி, வேணும்னா..." என்று ஆரம்பிக்கும் வாக்கியம் பிறக்கும் இடம் அது.

எட்டில் அவரே பேசினார். "சரிப்பா."

ஒன்றரை நிமிடம். கை மட்டும் இன்னும் நடுங்குகிறது.

ஜூன் 12, புதன்

காலை ஏழு மணிக்கு அத்தை. ஒன்பதுக்குப் பெரியம்மா. மதியம், இரண்டு வருஷமாகப் பேசாத ஒருவர்.

இது எதிர்பார்க்க வேண்டியது. உளவியலாளர் ஸ்கின்னரின் சோதனை எலி, நெம்பினால் தீனி வந்த நெம்புகோலில் தீனி நின்றதும் உடனே விட்டுவிடாது. கொஞ்ச நேரம் முன்னைவிட வேகமாக, முன்னைவிட அழுத்தி நெம்பும். பிறகுதான் தளரும். அந்த உச்சத்தில் ஒரே ஒரு தடவை தீனி விழுந்தால் எலி கற்றுக்கொள்வது, அழுத்தி நெம்பினால் கிடைக்கும் என்பதை. எப்போதாவது ஒரு தரம் இளகுகிறவர், எப்போதும் சரி சொல்கிறவரைவிட அதிகமாக நச்சரிக்கப்படுவது இதனால்தான்.

பெரியம்மாவை எலி என்று எழுதியிருக்கிறது. இருக்கட்டும்.

நடுவில் இருப்பவர்களுக்கு அந்த வாக்கியம்கூட வேண்டாம். "அண்ணன்கிட்ட பேசிட்டேன் பெரிம்மா." அவ்வளவுதான். ராத்திரி பதினொரு மணிக்கு "ஸாரிண்ணே" என்று டைப் செய்து அழித்தது இரண்டு முறை.

ஜூன் 13, வியாழன்

யாரும் வரவில்லை. இரண்டு டம்ளர் பால் கூடுதலாக வாங்கியது வீண்.

ஜூன் 14, வெள்ளி

கையெழுத்து இல்லை என்றால் வெறுங்கையோடு நிற்க வேண்டும் என்பதில்லை. திரும்பி வராவிட்டாலும் ராத்திரி சோறு இறங்கும் தொகை எது என்று முன்பே முடிவு செய்து, அதைக் கடன் என்று சொல்லாமல் கொடுக்கலாம். கைமாத்து என்று கொடுத்தால் ஒவ்வொரு விசேஷத்திலும் அவர் நம்மைத் தவிர்ப்பார், நாம் அவர் புதுச் சட்டையின் விலையை மனதுக்குள் போடுவோம்.

ஆனால் மறுப்பு சொன்ன அன்றே கூடாது. அன்றைக்குக் கொடுத்தால் அது அபராதம். ஒரு வாரமாவது போகட்டும். இங்கே முடிவான தொகை 15,000. காலையில் 25,000 ஆக இருந்தது. கூடிய பத்தாயிரம் எதற்கு என்று யோசித்ததில், பெரியம்மா வாயை அடைக்க.

ஜூன் 15, சனி

சித்தி போன். நாற்பது நிமிடம். ஜாமீன் பேச்சே எடுக்கவில்லை, ஆவக்காய் ஊறுகாய்தான். பேப்பரில் கோடு போட்டு எண்ணிக்கொண்டே கேட்டதில் மொத்தம் நாலு ம். நாலாவது, வளைகாப்புக்குச் சமையல்காரர் பிடித்துத் தருவதற்கு என்று போனை வைத்த பிறகுதான் உறைத்தது.