நிமிடத்துக்கு 46

குழந்தைக்கு முதல் பிறந்தநாள் வர இன்னும் ஒரு வாரம் இருந்தது. பால் குடித்து அமைதியான பிறகு, முழுதாக ஒரு நிமிடம் மூச்சை எண்ணிச் செவிலியர் எழுதிய எண் 46. இரண்டு மாதம் முதல் ஒரு வயது நிறையும்வரை 50-ஐத் தொட்டால்தான் வேகமான மூச்சு, அதாவது நிமோனியாவின் அடையாளம்; ஒரு வயது நிறைந்துவிட்டால் 40 போதும். ஆகவே மூச்சை எண்ணும் அட்டவணையின் விதிப்படி அது வெறும் சளி. அதே 46 அடுத்த வாரம் வந்திருந்தால் நிமோனியா. மூச்சிழுக்கும்போது நெஞ்சு உள்வாங்கவில்லை, இரத்தத்தில் ஆக்சிஜன் 95 சதவீதம், வலிப்போ மயக்கமோ இல்லை. தீவிரத்தைப் பற்றி மருத்துவரான எனக்கும் செவிலியருக்கும் இடையே கருத்து வேறுபாடே எழவில்லை.

வலப்பக்க முதுகின் அடிப்பகுதியில் மெல்லிய கரகரப்பு கேட்டதால், பாக்டீரியாவைக் கொல்லும் அமாக்ஸிசிலின் 250 மி.கி. கரையும் மாத்திரை, இரு வேளை, 5 நாளுக்கு எழுதினேன்.

"அம்பதுக்குக் கீழதானே மேடம் இருக்கு?"

"முதுகுல சத்தம் கேக்குது சிஸ்டர்."

"அப்போ நாங்க எண்ணுறது எதுக்கு மேடம்?"

கேலியாகக் கேட்கவில்லை, எண்ணிக்கையை நம்பச் சொல்லி அவருக்குப் பயிற்சி கொடுத்தவளே நான்தான். நுரையீரலுக்குப் பிறந்தநாள் தெரியாது என்று அப்போது சொல்லிவைத்தேன். சாமர்த்தியமான பதில்தான்; ஆனால் அதை ஏற்றால் 44-க்கும் 42-க்கும் என்ன சொல்வது? மூன்று நாளாக 102 டிகிரி காய்ச்சல் இருந்தது என் பக்கம் பேசுகிறது. நிமோனியா தரும் ஒரு பாக்டீரியாவுக்கு எதிரான நியூமோகாக்கல் தடுப்பூசி 9-ஆம் மாதத் தவணை வரை போட்டிருந்தது அவர் பக்கம் பேசுகிறது. ஒரே நெஞ்சில் இரண்டு மருத்துவர்கள் இரண்டு விதமாகக் கேட்பதும் புதிதல்ல. எக்ஸ்ரே எடுத்திருந்தாலும் பாக்டீரியாவா வைரஸா என்று அது உறுதியாகப் பிரித்துச் சொல்லியிருக்காது. ஸ்டெதாஸ்கோப் இல்லாதவரும் நோயைத் தவறவிடக் கூடாது என்பதற்காகவே மூச்சை எண்ணும் முறை வந்தது. இருப்பவர் அதை மீறலாமா என்பதற்கு அந்த அட்டவணையில் விடை இல்லை.

மூன்றாம் நாள் குழந்தை சிரித்துக்கொண்டு வந்தது. "உங்க மருந்து கேட்டுச்சும்மா" என்றார் தாய். வைரஸாக இருந்தாலும் அந்நேரம் தேறியிருக்கலாம் என்பதால், அந்தப் பாராட்டை என்னால் வாங்கிக்கொள்ள முடியவில்லை. அதே குழந்தை அதே கரகரப்புடன் இன்று வந்தாலும் அதே மாத்திரையைத்தான் எழுதுவேன் என்று நினைக்கிறேன். ஆனால் நான் இல்லாத நாளில், 11 மாதக் குழந்தையின் 46-க்கு அந்தச் செவிலியர் தாமாக மாத்திரை கொடுத்தால் தவறு என்று சொல்ல வேண்டியவளும் நானே, சொல்லவும் செய்வேன்.