கோப்பில் ஏறாத தாங்கிகள்

“மருந்து மாறேல்லை அண்ணை. அதைப் பற்றித் தெரிஞ்சதுதான் மாறினது.”

விற்பனையிலிருந்து எடுக்கப்பட்ட ஆர்கனோபொஸ்பேற் என்ற, நரம்பைத் தாக்கும் வகைப் பூச்சிநாசினி ஒன்றைப் பற்றிய கமக்காரர் கூட்டத்தில், விவசாய உத்தியோகத்தராக நான் சொன்ன பதில் இது. கேட்டவர் கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் கீழ் உள்ள வயல்களில் கூலிக்கு மருந்து அடிப்பவர். “போன போகம் வரைக்கும் நீங்களே அடிக்கச் சொன்ன மருந்து, சேர். இண்டைக்குக் கூடாதெண்டால், அண்டைக்கு அடிச்ச எங்கட உடம்புக்கை போனது என்ன?” என்று கேட்டிருந்தார். என் பதிலைக் கேட்டபிறகு, “அதைத் தெரிஞ்சு கொள்ள ஆர் சேர் என்னட்டை வந்து கேட்டவை?” என்றார். பேச்சு மாற்று மருந்துப் பக்கம் போய்விட்டது. அந்த இரண்டாவது கேள்விக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. இன்றைக்குக் கேட்டாலும் முழுசாகச் சொல்ல முடியுமா தெரியாது.

சொன்ன பதில் சரியானதுதான். ஒரு பீடைகொல்லிக்குக் கொடுக்கும் அனுமதி எந்த நாட்டிலும் ஆயுட்கால அனுமதி அல்ல. இலங்கையில் எங்கள் 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ், பேராதனை கெட்டம்பையில் இருக்கும் பீடைகொல்லிப் பதிவாளர் கொடுக்கும் அனுமதிப்பத்திரத்துக்கு 3 வருடம்தான் காலம். ஐரோப்பிய ஒன்றியத்தில் முதல் அங்கீகாரம் கூடியது 10 வருடம், புதுப்பித்தால் கூடியது 15 வருடம். புதுப்பிக்க விரும்பும் கம்பனி காலம் முடிய 3 வருடம் இருக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டும். அமெரிக்காவில் 15 வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு மருந்தையும் திரும்ப மேசைக்கு எடுக்க வேண்டும் என்பது சட்டம். முதற்சுற்றை 2022 இல் முடித்திருக்க வேண்டும், முடியாமல் 2026 வரை தள்ளினார்கள். அவ்வளவு பெரிய வேலை.

திரும்ப எடுக்கும்போது மருந்தை ஏதோ புதிதாகக் கண்டுபிடித்ததுபோல் பார்ப்பதில்லை. பழைய ஆய்வுகள் இன்றைய பரிசோதனை முறைக்கு ஈடுகொடுக்குமா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். விலங்குகளுக்குக் கொடுத்துப் பாதிப்பே தெரியாத ஆகக்கூடிய அளவை எடுத்து, நூறால் பிரிப்பார்கள். விலங்குக்கும் மனிதருக்கும் இடையிலான வேறுபாட்டுக்கு ஒரு பத்து, மனிதருக்கு மனிதர் உள்ள வேறுபாட்டுக்கு இன்னொரு பத்து. 1996 இல் அமெரிக்கா கொண்டுவந்த சட்டம், போதிய தரவு இல்லாத இடத்தில் குழந்தைகளுக்காக மேலும் ஒரு பத்தைச் சேர்க்கச் சொன்னது. இப்படிக் கிடைக்கும் அளவை, சோற்றோடும் தண்ணியோடும் உள்ளே போகும் அளவோடும், அடிக்கிறவரின் தோலாலும் மூச்சாலும் உள்ளே போகும் அளவோடும் ஒப்பிடுவார்கள். கூடினால் மருந்தை நிறுத்துவது ஒரு வழி. பெரும்பாலும் நடப்பது அதுவல்ல: அளவைக் குறைப்பார்கள், ஒரு பயிரை நீக்குவார்கள், அறுவடைக்கு முந்திய இடைவெளியை நீட்டுவார்கள், கையுறை கட்டாயம் என்று லேபலில் ஒரு வரி சேர்ப்பார்கள்.

அந்தக் கையுறை வரியில்தான் எனக்குச் சிக்கல் தொடங்குகிறது. கணக்கில் கையுறைக்கு மதிப்பு உண்டு. திரவ மருந்தைக் கையாளும்போது கையுறை போட்டால் கையில் படுவது பத்தில் ஒன்றாகக் குறையும் என்று ஐரோப்பியக் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். கையுறை இல்லாமல் எல்லையைத் தாண்டும் ஒரு மருந்து, கையுறையோடு எல்லைக்குள் வந்துவிடும். அனுமதியும் கிடைத்துவிடும். ஆவணி மாதம் சோளகம் அடிக்கிற வயலில், பகல் பத்து மணிக்கு மேல், ரப்பர் கையுறைக்குள் வியர்வை தேங்கி நிற்க ஒருவர் அதைப் போட்டுக்கொண்டே அடிப்பாரா என்பது அந்தக் கணக்கின் வேலை இல்லை.

எவ்வளவு அடிப்பார் என்பதும் அப்படித்தான். முதுகில் சுமக்கும் மெசினுக்கு அமெரிக்கக் கணக்கில் வழமையாக எடுக்கும் அளவு ஒரு நாளைக்கு 40 கலன், ஏறக்குறைய 150 லீற்றர். எங்கள் தாங்கி 16 லீற்றர். வளர்ந்த நெல்லுக்கு ஏக்கருக்கு எட்டிலிருந்து பத்துத் தாங்கி போகும். அதாவது 130 இலிருந்து 160 லீற்றர். அமெரிக்கக் கணக்கின் ஒரு முழு நாள், இங்கே ஒரு ஏக்கரோடு முடிந்துவிடுகிறது. கூலிக்காரர் ஒரு ஏக்கரோடு வீட்டுக்குப் போனால் அடுப்பு எரியாது. நாலு, ஐந்து ஏக்கர் அடிப்பார். மோட்டர் மெசின் என்றால் தண்ணீர் குறையும், ஆனால் ஏக்கருக்குரிய மருந்தின் அளவு அதேதான்; கரைசல் தடிப்பாக இருக்கும், அவ்வளவே.

இதோடு வன்னிக்கே உரிய ஒன்று சேர்கிறது. சிறுபோகத்தில் குளத்துத் தண்ணீர் திறக்கும் திகதியைப் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தீர்மானிப்பார்கள். அதனால் வாய்க்கால் நெடுக விதைப்பு ஒரே கிழமையில் நடக்கும், பயிரின் வயதும் ஒன்றாகவே இருக்கும். நெல்லின் சாற்றை உறிஞ்சும் தத்தி விழுந்தாலும் மூட்டுப்பூச்சி வந்தாலும் எல்லா வயலிலும் ஒரே நேரத்தில்தான். கூலிக்காரருக்கு வேலை வருகிறபோது ஒன்றாக வரும், தொடர்ந்து பல நாட்கள். ஆர்கனோபொஸ்பேற் மருந்து நரம்புச் சமிக்ஞையை அடக்கிவைக்கும் அசற்றைல்கோலினெஸ்ரரேஸ் என்ற நொதியத்தைக் கட்டிப்போடுகிறது. செங்குருதிக் கலங்களில் கட்டுப்பட்ட நொதியம் திரும்பி வருவது ஏறக்குறைய நாளுக்கு நூற்றுக்கு ஒரு வீதம்தான், ஏனென்றால் புதிய கலங்கள் பிறந்தால்தான் புதிய நொதியம். நேற்றைய நட்டம் ஈடாகுமுன் இன்றைய நட்டம் மேலே ஏறும். தலையிடி, கண் மங்கல், வாயில் எச்சில் ஊறுதல் எல்லாவற்றையும் “வெயில் பட்டது” என்று சொல்லி, தேசிக்காய்த் தண்ணி குடித்துவிட்டு மறுநாளும் மெசினைத் தூக்குவார்கள்.

மருந்து உடம்பில் படும் இடங்களை அருகில் நின்று பார்த்தால் தெரியும். ஆகவும் தடிப்பான மருந்து கையில் படுவது கலக்கும்போது. போத்தல் மூடியால் அளக்கிறபோது விளிம்பால் வழிந்து பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் இறங்கும். அடுத்தது முதுகு. தாங்கி மூடியின் வாசர் தேய்ந்திருந்தால் ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் வெளியே தளம்பி, சேட்டின் முதுகு ஊறிப்போய் நாள் முழுக்கத் தோலோடு ஒட்டிக் கிடக்கும். மூன்றாவது கால். முன்னுக்கு அடித்துக்கொண்டு முன்னுக்கே நடப்பதால், தான் நனைத்த பயிருக்குள்ளேதான் அவர் முழங்காலளவு நடந்து போகிறார். நொசில் அடைத்தால் வாயால் ஊதுவார்கள். மிகச் சொற்ப விலையுள்ள ஒரு வாசருக்காகவும், ஊதுவதற்குப் பதில் குத்திவிட ஒரு தும்புக்காகவும் நான் எத்தனையோ கூட்டத்தில் மன்றாடியிருக்கிறேன். அது எனக்கு இன்றும் முக்கியம். ஆனால் வாசரை மாற்றச் சொல்வதும் கையுறை வரியின் இன்னொரு வடிவம்தானோ என்று சில நேரம் தோன்றும்: மருந்தின் ஆபத்தை அடிக்கிறவரின் கவனக்குறைவாக மாற்றிவிடுகிறோமோ?

இதற்கு எதிராக எனக்கு நானே சொல்லிக்கொள்ளும் ஒரு உதாரணம் உண்டு. அது எங்கள் நாட்டு உதாரணம். உலக சுகாதார நிறுவனம் மருந்துகளை வகுப்பாகப் பிரிப்பது பெரும்பாலும் எலிக்குக் கொடுத்துப் பார்த்த நச்சுத்தன்மையை வைத்து. குளோர்பைரிபொஸ், டைமெதோயேற், பென்தியன் மூன்றும் இரண்டாம் வகுப்பு. ஆனால் அநுராதபுரம், பொலன்னறுவை வைத்தியசாலைகளுக்கு இவற்றைக் குடித்துவிட்டு வந்தவர்களைப் பின்தொடர்ந்து 2005 இல் வெளியான ஆய்வில், இறந்தவர்களின் நூற்றுவீதம் குளோர்பைரிபொஸில் 8 ஆகவும், பென்தியனில் 16 ஆகவும், டைமெதோயேற்றில் 23 ஆகவும் இருந்தது. எலியில் ஒரே வகுப்பு, மனிதரில் ஏறக்குறைய மூன்று மடங்கு வித்தியாசம். 2008 இல் தொடங்கி 2011 க்குள் டைமெதோயேற், பென்தியன், களைநாசினியான பரகுவாற் மூன்றும் படிப்படியாக நிறுத்தப்பட்டன. அதற்கு முன் 1995 இல் ஆகக் கடுமையான முதலாம் வகுப்பு மருந்துகள் போயிருந்தன. அந்த 1995 இல் இலட்சம் பேருக்கு 47 ஆக இருந்த தற்கொலை வீதம் பின்னர் ஏறக்குறைய 70 வீதம் குறைந்தது. இறக்குமதி மேசையில் எடுத்த முடிவு வீடுகளில் உயிர்களைக் காப்பாற்றியது. அந்த வைத்தியசாலைகளின் வார்ட்டுகளில் எழுதிய குறிப்புகள்தான் எலிக் கணக்கைத் திருத்தின. எனவே “ஆரும் கேட்கவில்லை” என்பது முழு உண்மை அல்ல.

ஆனாலும் யாரைக் கேட்டார்கள்? வைத்தியசாலைக்கு வந்தவரை. என்னிடம் கேள்வி கேட்டவர் வைத்தியசாலைக்குப் போகிறவர் அல்ல. தேசிக்காய்த் தண்ணியோடு வயலுக்குத் திரும்புகிறவர். குடித்த நஞ்சுக்கு ஒரு பதிவேடு உண்டு. தோலால் ஊறிய நஞ்சுக்கு, அது ஆளை விழுத்தாதவரை, ஒரு வரியும் இல்லை.

நிறுத்தப்பட்ட மருந்து எல்லாம் நஞ்சு என்று நிரூபிக்கப்பட்டது என்ற எண்ணமும் கூட்டங்களில் பலமாக இருக்கிறது. அதையும் நான் திருத்தவே வேண்டியிருக்கிறது. ஐரோப்பாவில் 1993 இலிருந்து 2009 வரை, சந்தையில் இருந்த ஏறக்குறைய 1000 பீடைகொல்லிப் பொருட்களைத் திரும்பப் பார்த்தார்கள். தேறியது ஏறக்குறைய 250. விழுந்தவற்றில் பெரும்பான்மை, மொத்தத்தில் 67 வீதம், ஆய்வுத் தரவுக் கோவையை யாரும் கொடுக்காததாலோ, குறைவாகக் கொடுத்ததாலோ, கம்பனியே விலக்கிக்கொண்டதாலோ போனவை. காப்புரிமை முடிந்த பழைய மருந்துக்குப் புதிய ஆய்வு செய்து காசு கொட்ட யாருக்கு மனம் வரும்? தீங்கு காட்டப்பட்டுப் போனவை ஏறக்குறைய 70 தான். அப்படியென்றால் ஒரு மருந்து சந்தையில் மிஞ்சி நிற்பதும் அதன் பாதுகாப்பை மட்டும் சொல்வதில்லை. பணம் போட ஒருவர் இருந்தார் என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறது. இதைக் கூட்டத்தில் சொன்னால் “அப்ப எல்லாம் காசு விளையாட்டுத்தானே” என்று முடித்துவிடுவார்கள் என்ற பயத்தில் பெரும்பாலும் சொல்வதில்லை.

முடிவு எப்படி எடுக்கப்படுகிறது என்பது வயலில் அப்படியே தெரியும். பரகுவாற்றைப் படிப்படியாக எடுத்தபோது கடைக்கும் கமக்காரருக்கும் காலம் இருந்தது. கிளைபோசேற் என்ற களைநாசினியை 2015 இல் ஒரேயடியாக நிறுத்தி, 2018 இல் தேயிலைக்கும் றப்பருக்கும் திறந்து, 2022 இல் தடையை நீக்கினார்கள். இடையில் வரம்புக்கு அடிக்கிற மருந்து கடலால் வந்தது. தமிழும் சிங்களமும் இல்லாத லேபலோடு, சில நேரம் லேபலே இல்லாமல், சோடாப் போத்தலில் பிரித்து விற்கப்பட்டது. மூன்று மொழியில் லேபல் என்ற காப்பு அங்கே இல்லை. எவ்வளவு கலப்பது என்று யாரைக் கேட்பது? ஐரோப்பாவில் புதுப்பிக்க மறுத்த மருந்துக்கு விற்க ஆகக்கூடியது 6 மாதம், பிறகு பாவித்து முடிக்கவோ அழிக்கவோ ஆகக்கூடியது இன்னும் ஒரு வருடம் என்று எல்லை உண்டு. நஞ்சென்று தெரிந்த பிறகும் ஒன்றரை வருடமா என்று கோபம் வரும். திடீர்த் தடை என்ன செய்யும் என்று பார்த்தவனுக்கு அந்தக் கோபம் அவ்வளவு இலேசாக வருவதில்லை.

நிறுத்தியபின் முதலில் பிழை வருவது பெயரில்தான். கமக்காரர் அறிந்தது வர்த்தகப் பெயரை. பூச்சியைக் கொல்லும் அதே செயற்படு பொருள் வேறு வேறு கம்பனிப் பெயர்களில் இருக்கும். ஒன்று அலுமாரியிலிருந்து போனால் அடுத்த பெயரைக் கேட்பார்கள். பெரிய எழுத்துக்குக் கீழே, சின்ன எழுத்தில் லீற்றருக்கு இத்தனை கிராம் என்று இருக்கும் வரியைத்தான் பார்க்க வேண்டும். அதை விரலால் தொட்டுக் காட்டிப் பழக்கினால் பிடித்துக்கொள்கிறார்கள்.

இப்போது நான் கூட்டங்களில் சேர்த்திருப்பது ஒரு ஒற்றைத் தாள். கூலிக்கு அடிப்பவர்களுக்கு மட்டும்: திகதி, செயற்படு பொருள், எத்தனை தாங்கி, எத்தனை ஏக்கர், எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடித்தது, முதுகு நனைந்ததா, இரவு தலையிடியா. தாங்கி எண்ணிக்கை எல்லாருக்கும் சரியாக ஞாபகம் இருக்கும், கூலியே அதில்தான் கணக்கு. ஒரு சக உத்தியோகத்தர் இதைப் பார்த்து, “இது ஆதாரமாகாது தம்பி, குருதிப் பரிசோதனை இல்லாமல் பதிவாளர் கந்தோர் எடுக்காது” என்றார். அவர் சொன்னதில் பிழை இல்லை. போகம் தொடங்குமுன் ஒருமுறை குருதி எடுத்து, அடித்த கிழமைக்குப் பிறகு இன்னொருமுறை எடுத்து, இரண்டையும் ஒப்பிட்டால்தான் நொதியம் எவ்வளவு விழுந்தது என்று சொல்லலாம். ஒருமுறை எடுத்தால் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் அது தெரியாமல் போய்விடும். அதற்கு ஆளும் குளிர்ப்பெட்டியும் இரசாயனமும் வேண்டும். எங்களிடம் இருப்பது தாள்.

இன்னொரு தயக்கமும் இருக்கிறது. இந்தத் தாள்கள் ஒருநாள் யாரோ ஒருவரின் கணக்கில் ஏறி, ஒருவர் ஒரு நாளைக்கு இரண்டு ஏக்கருக்கு மேல் அடிக்கக்கூடாது என்று லேபலில் ஒரு வரி வந்தால், பாதிக் கூலி போகும். அந்த வரியைக் கேட்டு வாங்கிக் கொடுத்தவன் நானாக இருப்பேன். அவரிடம் போய்க் கேட்காமல் அந்தத் தாளை மேலே அனுப்பலாமா என்று இன்னும் தீர்மானிக்கவில்லை. தாள்கள் பயிர்க்கண்டம் வாரியாகக் கட்டி அலுமாரியில் இருக்கின்றன. வருகிற சிறுபோகத் தத்தி நேரத்துக்கு முன் அடிக்கிறவர்களை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, என்ன எழுதியிருக்கிறது, அது எங்கே போகலாம், போனால் என்ன வரலாம் என்று வாசித்துக் காட்ட வேண்டும்.