எலும்பு முத்தட்டும்

குதிரைக் குட்டியோட ரெண்டு காதும் உள்பக்கமா வளைஞ்சு, நுனி ஒண்ணையொண்ணு தொட்டபடி நின்னுச்சு. பின்னாடி வாளி விழுந்த சத்தம். ஒரு காது மட்டும் சட்டுன்னு பின்பக்கம் திரும்புச்சு!

ஓமலூர் பக்கம் ஒரு குதிரைப் பண்ணை. எல்லாமே மார்வாரி. ராஜஸ்தான் மண்ணோட இனம்.

தாய் வயித்துல 11 மாசம். பிறந்து ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல எழுந்து நின்னுடும்.

முதுகுல ஆள் ஏற மட்டும் அவசரப்படக் கூடாது.

"எலும்பு முத்தணும் தம்பி. மூணு வயசு வரைக்கும் கயிறும் நம்ம குரலும் போதும்"னார் பழக்குற அண்ணன். அடிக்காம, குரலாலேயே நிறுத்தினார். அவ்வளவு பிடிச்சிருந்தது.

சின்னதுலயே சேணம் பூட்டினா கால்தான் முதல்ல போகும். பாவம், அது வாய்விட்டுச் சொல்லாது.

ஆடியில அந்தியூர் குதிரைச் சந்தைக்குப் போறவங்க, காதழகைப் பார்த்ததும் விலை பேசிடாதீங்க. பல்லைப் பார்த்து வயசைக் கேளுங்க.