பழைய போனுக்கு எட்டும் பாடம்

ஆன்லைன் பாடம் தயாரிக்க உட்காரும் ஆசிரியர் பாடநூலைத் திறக்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இதைப் பிள்ளைகள் எத்தனை மணிக்கு, யாருடைய போனில் பார்க்கப் போகிறார்கள்? அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பலரின் வீட்டில் இருப்பது ஒரே போன். அது காலையில் அப்பாவோடு வேலைக்குப் போய்விட்டு இரவு ஏழரை, எட்டுக்குத்தான் வீடு திரும்பும். வரும்போது சார்ஜ் குறைந்திருக்கும், அன்றைய டேட்டாவில் பாதி காலியாகியிருக்கும், 'சேமிக்க இடமில்லை' என்ற அறிவிப்பு நிற்கும். அண்ணன் ஒன்பதாம் வகுப்பு, தங்கை ஏழாம் வகுப்பு என்றால் அந்தப் போனிலும் பங்கு.

2020-ல் பள்ளிகள் மூடியபோது பலரும் காலை பத்து மணிக்கு நேரலை வகுப்பு வைத்தார்கள். கணக்கைப் பாருங்கள். நொடிக்கு 500 கிலோபிட் வேகத்தில் ஓடும் சுமாரான வீடியோ முக்கால் மணி நேரத்துக்கு ஏறக்குறைய 170 எம்பி தின்னும். நாளைக்கு நான்கு பாடவேளை என்றால் 680. இரண்டு பிள்ளைகள் என்றால் 1.3 ஜிபியைத் தாண்டும். தினம் 1.5 ஜிபி பேக் போடும் வீட்டில் மிச்சம் என்ன இருக்கும்? 2021 ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை தமிழக அரசு தினம் 2 ஜிபி இலவச டேட்டா கொடுத்தது கல்லூரி மாணவர்களுக்கு. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு அப்பாவின் ரீசார்ஜ்தான்.

அதனால் நேரலையை வாரம் ஒரு முறை, சந்தேகம் கேட்பதற்கு மட்டும் வைத்துக்கொண்டால் போதும். இலவசக் கணக்கில் ஜூம் 40 நிமிடத்திலும் மீட் 60 நிமிடத்திலும் தானாகவே வெட்டிவிடும் என்பது ஒரு வகையில் நல்லதுதான். ஒரே அறையில் இரண்டு பிள்ளைகள் இரண்டு போனில் உட்கார்ந்தால் ஒன்றின் ஒலி மற்றதில் புகுந்து 'கீ' என்று கூவும். மைக்கை அணைப்பதோடு ஒரு போனின் ஸ்பீக்கரையும் அணைக்கச் சொல்ல வேண்டும். நேரலையைப் பற்றி இதற்கு மேல் சொல்ல அதிகமில்லை. உழைக்க வேண்டிய இடம் பதிவு செய்த பாடம்.

அதில் முதல் கவனம் ஒலிக்கு. படம் கொஞ்சம் மங்கினால் பிள்ளை பொறுத்துக்கொள்ளும்; குரல் கேட்கவில்லை என்றால் அரை நிமிடத்தில் மூடிவிடும். போனை ஆறடி தள்ளி ஸ்டாண்டில் வைத்துவிட்டு அதன் சொந்த மைக்கிலேயே பதிவு செய்தால் ஆசிரியர் குரலைவிட மின்விசிறியின் குரல்தான் தெளிவாக விழும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் காலர் மைக் போதும். வாங்கும்போது அதன் பின்னைப் பார்க்க வேண்டும். கறுப்பு வளையம் மூன்று இருந்தால் போனுக்கு உரியது. இரண்டு என்றால் கேமராவுக்கு. இரண்டு வளைய மைக்கைப் போனில் செருகினால் போன் அதை மைக் என்றே எடுத்துக்கொள்ளாது, பழையபடி தன் மைக்கிலேயே பதியும். பதியும்போது எந்த எச்சரிக்கையும் வராது. நாற்பது நிமிடம் பேசி முடித்துக் கேட்கும்போதுதான் விஷயம் புரியும். சில காலர் மைக்குகளில் பட்டன் பேட்டரியும், போன், கேமரா என்று மாற்றும் சின்ன சுவிட்சும் இருக்கும். அது கேமரா பக்கம் கிடந்தாலும் இதே கதைதான். எனவே தினமும் முதலில் பத்து நொடி பதிந்து கேட்டுவிட்டுத் தொடங்குவது வழக்கமாக வேண்டும். மைக்கை நகத்தால் லேசாகத் தட்டிப் பதிந்து பாருங்கள். தட்டல் உரக்கக் கேட்டால் மைக் வேலை செய்கிறது.

காலி வகுப்பறை எதிரொலிக்கும். சிமென்ட் தரை, வெறும் சுவர், தகர அலமாரி எல்லாம் குரலைத் திருப்பி அடிக்கும். புத்தகம் நிறைந்த நூலக அறையோ, சத்துணவுச் சாக்குகள் அடுக்கிய அறையோ இதைவிட மேல். வேறு வழியில்லை என்றால் போனுக்குப் பின்னால் கொடி கட்டி இரண்டு போர்வைகளைத் தொங்கவிடலாம். மின்விசிறியை நிறுத்த வேண்டும். மே மாதத்தில் அதற்காகவே காலை ஆறரைக்கு வர வேண்டியிருக்கும். போனை விமான நிலையில் வைக்காமல் பதிந்தால் சரியாக முக்கியமான படியில் யாராவது கூப்பிடுவார்கள், பதிவு அங்கேயே நின்றுவிடும்.

கரும்பலகையைத் துணியால் துடைத்தால் போதாது, ஈரத்துணியால் துடைத்துக் காயவிட வேண்டும். பழைய சாக்பீஸ் படிவு கேமராவில் சாம்பல் பூசிய மாதிரித் தெரியும். ஜன்னல் பக்கவாட்டில் இருக்க வேண்டும். பலகைக்கு நேர் எதிரே இருந்தால் பலகை பளபளத்து நடுவில் ஒரு வெள்ளைத் திட்டு விழும். எழுத்து நான்கு விரல் உயரம். ஒரு பலகைக்கு ஆறு வரி, அதற்கு மேல் வேண்டாம். பதிந்ததை வீட்டிலேயே சின்னத் திரையுள்ள போனில், கை நீட்டிய தூரத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். மடிக்கணினியில் பார்த்துத் திருப்திப்படுவது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது.

கணக்குக்குப் பலகையைவிட மேலிருந்து எடுக்கும் நோட்டுப் படம் நன்றாக வரும். 2020-ல் இணையத்தில் சுற்றிய ஃப்ரிட்ஜ் தட்டு உத்தி உண்மையிலேயே உதவும். உயரமான இரண்டு டப்பாக்களுக்கு மேல் கண்ணாடித் தட்டு, அதன் மேல் போன், கீழே கோடில்லாத தாளும் ஸ்கெட்ச் பேனாவும். ஆசிரியரின் உடல் எழுத்தை மறைக்கிற பிரச்சினை இதில் இல்லை. ஒரு படியை எழுதி முடித்துக் கையை முழுக்க விலக்க வேண்டும். பிறகு ஐந்து நொடி மௌனம். அந்த ஐந்து நொடி பேசாமலிருக்க ஆசிரியர்களுக்கு வராது, பழகித்தான் ஆக வேண்டும். பிள்ளை நோட்டில் எழுதுவது அந்த இடைவெளியில்தான்.

ஒரு வீடியோ ஆறிலிருந்து எட்டு நிமிடம், ஒரே கருத்து. எட்டு நிமிடத்தை 480பி தரத்தில், நொடிக்குப் படத்துக்கு 200, மோனோ ஒலிக்கு 48 கிலோபிட் என்று சுருக்கினால் ஏறக்குறைய 15 எம்பி வரும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் இந்த எண்களை நேரடியாகவே கொடுக்கலாம். இவ்வளவு சுருக்கியும் எழுத்து தெளிவாக இருக்க வேண்டுமானால் போன் அசையவே கூடாது. வீடியோ சுருக்கம் என்பது ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் மாறியதை மட்டும் எழுதிவைக்கும் வேலை. அசையாத பலகையில் மாறுவது கையும் சாக்பீசும்தான், செலவு குறைவு. யாராவது கையில் பிடித்து எடுத்தால் ஒவ்வொரு நொடியும் முழுப்படமும் நகரும், கொடுத்த பிட்டுகள் பற்றாமல் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாகச் சிதறும். ஸ்டாண்டுக்கும் டேட்டாவுக்கும் உள்ள இந்த உறவைப் பலர் யோசிப்பதில்லை.

வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது தன் பங்குக்கு இன்னொரு முறை சுருக்கும், சாக்பீஸ் கோடு மங்கும். ஆவணமாக இணைத்து அனுப்பினால் கோப்பு அப்படியே போகும். கோப்புக்குப் பெயர் வைக்கும் பழக்கமும் வேண்டும். 'ஏழு கணக்கு பின்னம் 02' என்று இருந்தால் இரவு எட்டரைக்குத் தேடும் பிள்ளைக்குக் கிடைக்கும். கேமரா தானாக வைத்த எண்வரிசையோடு அனுப்பினால் நூறு காலை வணக்கப் படங்களுக்கு நடுவே காணாமல் போகும். கூடவே பாடத்தின் சாரத்தை ஒரே பக்கத்தில் எழுதிப் படமெடுத்து அனுப்ப வேண்டும். வீடியோ இறங்காத வீட்டுக்கு அந்தப் பக்கமாவது போய்ச் சேரும். செய்யுளுக்கும் ஆங்கில வாசிப்புக்கும் வீடியோவே தேவையில்லை, குரல் பதிவு போதும். பத்து நிமிடம் இரண்டு மூன்று எம்பிக்குள் அடங்கும்.

பாடம் அனுப்பிய பிறகு புரிந்ததா என்று பார்க்கக் கூகுள் ஃபார்ம். இங்கே முதல் தலைவலி எழுத்துரு. பள்ளிகளில் வருடக்கணக்காகச் சேர்ந்திருக்கும் வினாத்தாள்களில் பல வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கிடக்கின்றன. எல்லாக் கருவியிலும் ஒரே மாதிரித் தெரியும் யூனிகோடுதான் தரம் என்று அரசு 2010-லேயே அறிவித்தும் பழைய கோப்புகள் பழைய கோப்புகளாகவே இருக்கின்றன. அதை வெட்டி ஃபார்மில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பை வரும். எழுத்துரு மாற்றி மென்பொருள் கொண்டு யூனிகோடாக்கலாம். ஆனால் இயற்கணிதத்தில் உள்ள எக்ஸ், ஒய் எல்லாம் தமிழ் எழுத்தாகிவிடும். பழைய எழுத்துருவுக்கு எக்ஸ் என்பதும் ஒரு தமிழ் எழுத்தின் விசைதான், அது பாவம் என்ன செய்யும்? கணக்கு, அறிவியல் வினாக்களை மாற்றிய பிறகு ஒவ்வொரு வரியையும் மூலத்தோடு ஒப்பிட வேண்டும். நேரம் பார்த்தால், பத்து வினாவைப் புதிதாகத் தட்டச்சு செய்வதே விரைவு.

இரண்டாவது, ஒரு சொல் விடை. 'தஞ்சாவூர்' என்று விடை வைத்தால் 'தஞ்சை' என்று எழுதியவருக்குப் பூஜ்யம். இன்னொரு சிக்கல் கண்ணுக்கே தெரியாது. 'கொ' என்பதை ஒரே உயிர்மெய்க் குறியாகவும் போடலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் போடலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். உள்ளே குறியீடு வேறு. எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் மென்பொருள் ஒன்றைச் சரி என்றும் மற்றதைத் தவறு என்றும் சொல்லிவிடக்கூடும். ஏற்கத்தக்க வடிவங்களை எல்லாம் விடையில் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் கொள்குறி வினாவுக்குப் போய்விடுவது நிம்மதி. பெயர் கேட்டால் ஒரே பெயரில் மூன்று பேர் வருவார்கள். பள்ளிக் கல்வித் துறை ஒவ்வொரு பிள்ளைக்கும் கொடுக்கும் எமிஸ் எண் நீளமானது, பிள்ளை தவறாமல் அடிக்காது. வகுப்பு வரிசை எண்ணைக் கீழ்விரி பட்டியலாகக் கொடுத்துத் தொடச் சொன்னால் முடிந்தது.

கொள்குறி வினா என்றால் தாழ்வு என்று ஓர் எண்ணம் உண்டு. அது தவறான விடைகளை வாய்க்கு வந்தபடி போடுவதால் வந்த கெட்ட பெயர். 1/2 + 1/3 எவ்வளவு என்ற வினாவை எடுத்துக்கொள்ளுங்கள். விடை 5/6. மற்ற மூன்றை 3/7, 4/9, 1/8 என்று போட்டால் அவற்றைத் தொட்ட பிள்ளையைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது. 2/5, 2/6, 1/6 என்று போட்டால் கதை வேறு. 2/5 தொட்டவர் மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டியிருக்கிறார்; பின்னம் என்பது ஒரே எண் என்பது அவருக்கு இன்னும் பிடிபடவில்லை. 2/6 தொட்டவருக்கு மீச்சிறு பொது மடங்கு தெரியும். பகுதியை 6 ஆக்கும்போது தொகுதியையும் பெருக்க வேண்டும் என்பதை விட்டுவிட்டார். 1/6 தொட்டவர் பெருக்கியிருக்கிறார், அநேகமாகக் குறியைக் கவனிக்கவில்லை. முதலாமவருக்குத் தாளை மடித்து அரையும் மூன்றில் ஒன்றும் காட்ட வேண்டும். இரண்டாமவருக்கு 1/2 = 3/6 என்று பத்துக் கணக்குப் பயிற்சி. மூன்றாமவருக்கு 'குறியைப் பார்' என்ற ஒரு வரி போதும். நாற்பது பேரின் விடைகளும் ஃபார்மில் வட்ட வரைபடமாக வந்து நிற்கும்போது நாளைக்கு என்ன எடுக்க வேண்டும் என்று அதுவே சொல்லிவிடும். தொழில்நுட்பம் வகுப்பறைக்குக் கொண்டுவந்ததில் உருப்படியானது எது என்று கேட்டால் இதைத்தான் காட்டலாம். காகிதத் தேர்வில் இதே தகவலை எடுக்க ஒரு மாலை முழுவதும் வேண்டும்.

மதிப்பெண்ணுக்காக மட்டும் இதை வைக்கக் கூடாது. மதிப்பெண் என்றதும் வீட்டில் அக்கா போனை வாங்கித் தொட்டுவிடுவாள். எல்லோரும் பத்துக்குப் பத்து, வட்டம் முழுக்க ஒரே நிறம். 'தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, நீயே தொடு' என்று வினாவுக்கு மேலேயே எழுதிவைத்தால் ஓரளவு குறையும்.

பள்ளிகள் மூடியிருந்த காலத்தில் அரசின் கல்வித் தொலைக்காட்சி செய்த வேலையைக் குறைத்துச் சொல்ல முடியாது. 2019 ஆகஸ்ட்டில் தொடங்கியது, அடுத்த ஆண்டே பள்ளிகள் மூடின. அதற்கு டேட்டா வேண்டாம், அப்பாவின் போன் வேண்டாம். ஆனால் நிறுத்திப் பார்க்கவும் முடியாது, 'புரியவில்லை மிஸ்' என்று சொல்லவும் முடியாது. அடுத்த நாள் ஒளிபரப்பாகும் பாடத்துக்கு முந்தின இரவே மூன்று வினாக்களைக் குரூப்பில் போட்டு, 'இவற்றுக்கு விடை தேடிக்கொண்டே பார்' என்று சொன்னால் பலன் கூடும். 2018-ல் வந்த புதிய பாடநூல்களின் கியூஆர் குறிக்கும் இப்படி ஒரு சின்ன உதவி வேண்டும். ஸ்கேன் ஆகாத பக்கத்தில் குறியோடு அச்சாகியிருக்கும் ஆறு எழுத்துக் குறியீட்டை, அரசின் கல்விச் செயலியான திக்‌ஷா செயலியில் அடிக்கலாம் என்பது பல பெற்றோருக்குத் தெரியாது. பள்ளியில் ஒருமுறை செய்து காட்டினால் போதும்.

பள்ளி திறந்த பின் கதை ஹைடெக் லேபுக்கும் ஸ்மார்ட் போர்டுக்கும் மாறியது. அங்கே வரும் தடைகள் அற்பமானவை, ஆனால் பாடவேளையைத் தின்றுவிடும். எச்டிஎம்ஐ கேபிளைச் செருகினால் படம் வரும், ஒலி சில சமயம் மடிக்கணினியிலேயே நின்றுவிடும். ஒலிக் குறியைத் தொட்டு வெளியீட்டை மாற்ற வேண்டும். எஃப்ஏடி32 முறையில் ஃபார்மேட் செய்த பென் டிரைவ் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பை ஏற்காது. இணையம் வரும் என்று நம்பி வீடியோவைத் தரவிறக்காமல் வருவது பெரிய தவறு. ஸ்மார்ட் போர்டில் யாரோ அழியாத மார்க்கரால் எழுதிவிட்டால், அதன் மேல் வெள்ளைப்பலகை மார்க்கரால் தேய்த்து எழுதி உடனே துடைத்தால் பெரும்பாலும் போய்விடும்.

லேபில் முப்பது பிள்ளைகளுக்குப் பத்துக் கணினி என்றால் ஒன்றுக்கு மூன்று பேர். மவுஸ் யார் கையிலோ அவர்தான் கற்கிறார். மற்ற இருவரும் பார்வையாளர்கள். பெரும்பாலும் மவுஸ் கெட்டிக்காரரிடமோ உரத்துப் பேசுபவரிடமோ போய்ச் சேரும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மணியடித்து மவுஸை வலப்பக்கம் நகர்த்தச் சொல்ல வேண்டும். மவுஸ் இல்லாதவர்களில் ஒருவர் படி சொல்ல வேண்டும், இன்னொருவர் நோட்டில் எழுத வேண்டும். மவுஸ் வைத்திருப்பவர் தானாக எதையும் தொடக் கூடாது, படி சொல்பவர் சொன்னதை மட்டுமே செய்யலாம் என்று விதி வைத்தால் லேபில் பேச்சு கூடும். அந்தச் சத்தத்தைத் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுவது நல்லது.